பிரேக் இல்லாத சைக்கிள் அனுப்பிவைத்த மைத்துனருக்கு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. உங்கள் அக்கா நலம். உங்கள் மருமகள், இடது முழங்கை நீங்கலாக, நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பெண் வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சென்ற ஆண்டு உங்களிடம் வாய்தவறிச் சொன்னவன் நான்தான். நீங்களும் தாய்மாமன் என்ற பொறுப்பில் உடனே ஒன்றை அனுப்பிவைத்தீர்கள். பெட்டியைப் பிரித்தபோது, ஏதோ சின்னப் பிள்ளைக்குப் போகவேண்டியது விலாசம் மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். பெல் கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. சீட் உண்டு, ஆனால் அது உட்காருவதற்கு இல்லையாம். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் துருத்திக்கொண்டிருந்தது. பின்னால் ஏறுகிறவர் கால் வைத்துக்கொள்ள என்று எண்ணி உங்கள் பெருந்தன்மையை மெச்சினேன். வித்தை காட்டுகிற சைக்கிளாம், பி.எம்.எக்ஸ். என்று பெயராம். அந்தக் குழாயைப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி மேல் ஏற்றி, மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டே வருவார்களாம். பக்கத்திலேயே படிகள் சும்மாத்தானே கிடக்கின்றன என்று கேட்டேன். உங்கள் மருமகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பிரேக் எங்கம்மா?"

"கழட்டிட்டேன்பா. ஒயர் இருந்தா ஹேண்டில் முழுசாச் சுத்தாது."

"ஹேண்டில் எதுக்கு முழுசாச் சுத்தணும்?"

"பறக்கறப்ப."

வண்டியை நிறுத்த வேண்டுமானால் பின் டயர்மேல் ஷூ காலை வைத்து அழுத்துகிறாள். வீட்டில் இருக்கும் அவளுடைய ஷூக்கள் எல்லாம் ஒற்றைக் காலில் மட்டும் தேய்ந்து வாய் பிளந்து கிடக்கின்றன.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். ஸ்டூடியோவுக்கு வருகிற மனிதர்களை அசையாமல் உட்காரவைப்பதுதான் நான் கற்ற ஒரே வித்தை. அந்த ஸ்டூடியோ வாசலில் நான் ஆசை ஆசையாகக் கட்டிய பளிங்குப் படி, வழுக்குவதற்கு மிகவும் தோதானது என்று உங்கள் மருமகள் கண்டுபிடித்தாள். போதாக்குறைக்கு அதன்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இன்னும் மெருகேற்றிவிட்டாள். மறுநாள் காலையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த வரி ஆலோசகர், படியில் கால் வைத்தது வரைதான் அவர் கையில் இருந்தது. அதற்கப்புறம் அவர் உள்ளே வந்த வேகத்தில் நான் எழுந்து வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை. கௌரவமானவர், ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். வலியை அடக்கிய அந்த முகத்தை ஒட்டிய பாஸ்போர்ட்டோடு எந்த நாட்டில் போய் இறங்கினாலும் தனி அறைக்கு அழைத்துப்போய் விசாரிக்கிறார்களாம்.

இவள் ஒருத்தி என்றால் சமாளிக்கலாம், ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் ஒருவர் பல் டாக்டர். அவருக்கே முன்பல் இல்லை. உடைந்த சைக்கிளை ஒட்டவைக்கும் வெல்டர் அக்கா ஒருத்தி. ஊரில் முறிந்த கம்பிகளுக்கெல்லாம் அவளும், முறிப்பதற்கு மற்றவர்களும் என்று தொழிலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவர் டைரக்டர் என்று அழைக்கப்படும் ஒரு தாடி. மீன் கண் மாதிரி உப்பிய லென்ஸ் மாட்டிய கேமராவைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு, சக்கரப் பலகையில் நின்றபடி இவர்கள் பின்னாலேயே உருண்டு போவார். படம் எடுக்கிறாராம். கதை என்ன என்று மரியாதைக்குக் கேட்டேன். கதை கிடையாதாம். வசனம் உண்டு. "ஐயோ", "உயிரோட இருக்கியா", "இன்னொரு தடவை", இவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தின் போட்டோகிராபருக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் என்னைத் தேடி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "அப்பா, ஒரே ஒரு ஸ்டில்தான்பா" என்றாள் உங்கள் மருமகள். தொழிலுக்கு மரியாதை கொடுத்துக் கூப்பிடுகிறாளே என்று இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். நூலகத்தின் பின்பக்கப் படிக்கட்டு. நீளமான கைப்பிடிக் கம்பி. என்னைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க ஸ்டாண்டு வைத்து எடுத்தவன், சட்டையோடு படுத்தேன்.

முதல் தடவை கம்பியின் பாதியிலேயே விழுந்தாள். அடுத்த தடவை சைக்கிள் தனியாகவும் அவள் தனியாகவும் இறங்கினார்கள். முழங்கையில் ரத்தம். நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

"போதும், எழுந்து வா."

"அப்பா, நீ இங்க போட்டோ எடுக்க வந்தியா, அப்பாவா வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான்மா வரும். தனித்தனியாக் கிடைக்காது."

"அப்படின்னா அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியில நிக்கச் சொல்லு."

அந்த நேரத்தில் நூலகக் காவலாளி விறுவிறுவென்று வந்தார். கடவுளே அனுப்பினார் என்று நினைத்தேன். அவர் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கீழ இறங்கற இடத்துல ஈரமா இருக்கும்மா, துடைச்சிட்டு வரேன் இரு" என்று துணி எடுக்கப் போனார்.

அவள் மறுபடி மேலே ஏறினாள். கம்பியில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டதும், பழக்கதோஷத்தில் "அசையாதீங்க" என்று கத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். கண்ணைத் திறந்தபோது அவள் நேராக நின்றுகொண்டிருந்தாள். காவலாளி கை தட்டிக்கொண்டிருந்தார்.

படத்தில் கம்பி இருந்தது. கிழிந்த ஷூ இருந்தது. சுவரில் நிழல் இருந்தது. தலை இல்லை. எங்கள் தொழிலில் தலை இல்லாமல் படம் எடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். டைரக்டர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார், எப்படி சார் இந்த ஃபிரேம் தோணுச்சு?" என்றார். "அனுபவம்" என்றேன். அவர்கள் நடத்துகிற பத்திரிகையின் அட்டையில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பிறகு டைரக்டர் எடுத்த படத்தை வெல்டர் அக்காவின் பட்டறையில் திரையிட்டார்கள். பெரியவர்கள் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டுவது என்று பேச்சைத் தயார்செய்துகொண்டு போனேன். டயர்மேல் உட்காரவைத்தார்கள். பக்கத்து டயரில் பல் டாக்டரின் அம்மா, மகன் பல் பறக்கும் காட்சி எப்போது வரும் என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இவளுடைய பகுதி வந்தது. அதே மாதிரிக் கம்பிகள், வேறு வேறு இடங்கள். விழுந்தாள். எழுந்தாள். முகம் குப்புற விழுந்தாள். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொன்ன காயமெல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. இந்தப் பெண் எங்கள் வீட்டில் காபி ஆறிவிட்டது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறவள். அங்கே உதட்டைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே மறுபடி படி ஏறுகிறாள்.

"பாக்க முடியலைன்னா வெளிய போய் நில்லுப்பா," என்று காதருகே சொன்னாள்.

"பாக்கறேன்."

தயார்செய்த பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். பல் டாக்டரின் அம்மா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த படத்துக்காக இந்தக் கூட்டம் ஒரு வேனில் ஊர் ஊராகக் கிளம்புகிறது. கண்ணாடிக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இவளும் போகிறாளாம். நான் கூடாது என்றேன். "மாமாவா இருந்தா போன்னு சொல்லியிருப்பார்" என்றாள். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம், பேச்சில்லை. உங்கள் அக்கா நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறாள், யார் பக்கம் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, மாமா என்ற முறையில் கண்டிப்பாகப் போகக்கூடாது என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லவேண்டும். போகும்போது சைக்கிளையும் கையோடு எடுத்துச்செல்லவேண்டும். இனி யாருக்கும் பரிசு கொடுக்கத் தோன்றினால் கைக்குட்டை, பேனா இவற்றோடு நிறுத்திக்கொள்ளவும்.

உங்கள் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் நீண்ட ஆயுளோடும், எதுவும் வாங்கித் தரும் எண்ணமே இல்லாத மனதோடும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது. குலுங்குகிற வண்டியில் எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது. தயவுசெய்து புறப்பட்டு வந்துவிடாதீர்கள், வீடு பூட்டியிருக்கும். உங்கள் அக்கா முன் சீட்டில் இருக்கிறாள். முந்தாநாளே எனக்கும் சேர்த்துப் பெட்டி கட்டி வைத்திருந்திருக்கிறாள். உங்கள் மருமகள் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இங்கே என்னை ஸ்டில்ஸ் சார் என்று கூப்பிடுகிறார்கள்.