கண்ணில் ஒற்றிய சிப்

கையில் எது வந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. பரீட்சை ஹால் டிக்கெட், வேலைக்கான உத்தரவு, தெரியாமல் மிதித்துவிட்ட நோட்டுப் புத்தகம், எல்லாமே என் இரண்டு கண்ணிலும் பட்டுத்தான் கீழே இறங்கும். (ஒருமுறை பிரியாணிப் பொட்டலத்தையும் ஒற்றியிருக்கிறேன். பசி அப்படி.) இந்தப் பக்தியால் ஒரு கம்பெனியே கவிழப் பார்த்தது.

பெங்களூர் ஆடுகோடியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில், பதினோரு பேர் சேர்ந்து செயற்கைக்கோளுக்கான சிப் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதை வடிவமைத்தவர் எங்கள் முதலாளி சுமதி மேடம். அதே ஊர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். நாலு வருஷ உழைப்பு. செயற்கைக்கோள் கட்டும் நிறுவனம் ஒன்று எங்கள் சிப்பையும், எங்களைவிட நூறு மடங்கு பெரிய ஒரு கம்பெனியின் சிப்பையும் ஒரே நாளில் சோதிக்க ஒப்புக்கொண்டது. விண்வெளிக் கதிர்வீச்சைத் தாங்குகிற சிப் மேலே போகும். தோற்றால் பாதிப் பேரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மேடம் முன்பே சொல்லிவிட்டார்.

அந்தச் சோதனைக்குச் சிப்பின் மூடியைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் கதிர் உள்ளே போய்ப் படும். உள்ளே இருப்பதெல்லாம் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள். நாங்கள் மூடி கழற்றிய மூன்று சிப்புகளில் இரண்டு அப்போதே உயிரை விட்டன. மிஞ்சியது ஒன்றுதான்.

சோதனைக்கூடத்தில் எதிர்க் கம்பெனியின் இன்ஜினியர் நவீன் தன் முறைக்காகக் காத்திருந்தார். மேடம் அந்த ஒற்றைச் சிப்பைச் சிறு தட்டில் வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, சாக்கெட்ல நீயே வை. என்னைவிட உனக்குத்தான் கண்ணு கூர்மை."

நாலு வருஷ உழைப்பை என்னை நம்பிக் கொடுக்கிறார். வாங்கினேன். சிப்பைத் தட்டிலிருந்து எடுத்து வலது கண்ணில் ஒற்றினேன். பாவி, அதோடு விட்டேனா? இடது கண்ணிலும் ஒற்றினேன்.

"டேய்!" என்று அலறினார் மேடம்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். கம்பிகள் தலை வாராத பிள்ளையின் முடி மாதிரி கலைந்து கிடந்தன. நடுவில் சாய்ந்த தென்னை மரம்போல் ஒரு இமை முடி. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

நவீன்தான் "அய்யோ பாப" என்று கன்னடத்தில் எனக்காகப் பரிதாபப்பட்டார். மேடம் திரையை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நவீனின் சிப் மேலே போனது. எங்களில் ஐந்து பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். கவிழ்த்தவனை மட்டும் மேடம் ஏன் வைத்துக்கொண்டார் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. என் மனைவி கலைவாணி இன்றைக்கும் சாவியை நீட்டினாலும் சரி, காய்கறிப் பையை நீட்டினாலும் சரி, "ஏங்க, கையிலயே வெச்சுக்கோங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள். எங்கள் மகள் பேசக் கற்றுக்கொண்டதே அதைக் கேட்டுத்தான்.

மூன்று வருஷம் கழித்து எங்கள் அடுத்த சிப் தேறியது. (அன்று நான் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.) விவேக் நகரில் ஒரு சின்ன ஹாலில் விருந்து. வேலையை விட்டுப் போன அந்த ஐந்து பேரையும் மேடம் குடும்பத்தோடு அழைத்திருந்தார். எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, செத்துப்போன பழைய சிப்பை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். என் கை தானாக உயர்ந்தது.

"ஒத்திக்காதீங்க!" என்று கத்தினாள் கலைவாணி. கூடவே என் மகள். கூடவே, சொல்லிவைத்தாற்போல், அந்த ஐந்து பேரும்.

மேடம் சிரித்தார். "விடுங்க, ஒத்திக்கட்டும். இன்னும் கெட்டுப்போறதுக்கு அதுல என்ன இருக்கு?"

கண்ணாடிக்குள் என் இமை முடி அப்படியே கிடந்தது. ஒற்றிக்கொண்டேன், இரண்டு கண்ணிலும்.