தக்கியான் மரத்தடியில் செத்துப்போன பாட்டு

நோங்வா ஊரில் இனி எவன் வண்டிச் சத்தமும் தன் வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கக் கூடாது என்று ப்ரயூன் முடிவு கட்டிவிட்டான். கோயில் ஊர்வலத்துக்கு முன்னால் தன் பிக்கப்தான் போகும் என்று நூடுல்ஸ் கடையில் அடித்துச் சொல்லியும் விட்டான். வண்டியின் பின்பக்கம் முழுக்க ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். முழுச் சத்தத்தை ஊர்வலத்தன்றுதான் காட்டுவதென்று அதுவரை ஊருக்குள் அடக்கியே வாசித்தான்.

பெட்டிகள் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் அவன் மனைவி லம்டுவான் இத்தனை வருஷமும் கீரையும் கத்திரிக்காயும் ஏற்றிச் சந்தைக்குப் போனாள். இப்போது தள்ளுவண்டி. ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் வாங்கப் போனதும் அவள்தான். வெறுங்கையோடு வந்தாள்.

"கடைக்காரர் நாப்பது ஆம்ப் ஃபியூஸ் போதும்னாருங்க. நீங்க இழுத்த கம்பி ஒல்லியாம். அதுக்கு மேல போட்டா ஃபியூஸ் போறதுக்குள்ள கம்பி எரிஞ்சிடுமாம்."

"அவனுக்கு என்ன தெரியும்? ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு தின்னும்னு எனக்குத் தெரியும். நூறு ஆம்ப் வாங்கிட்டு வா."

"அந்தக் கம்பி சீட்டுக்கு அடியிலதாங்க போகுது."

"சீட்டுக்கடியில போனா என்ன, ஆகாசத்துல போனா என்ன? நூறுன்னா நூறு!"

லம்டுவான் தலையாட்டினாள். மறுநாள் பத்து ஃபியூஸ் கொண்டுவந்தாள். ப்ரயூன் ஒன்றை எடுத்துக் கையை நீட்டிப் பார்த்தான், மூக்கருகே வைத்துப் பார்த்தான். ஐம்பத்திரண்டு வயசு. கண்ணாடி கிழவர்களுக்கு என்பது அவன் கட்சி.

"நூறுதானே?"

"நூறேதான். நீங்களே படிச்சுக்குங்களேன்."

"படிச்சாச்சு, படிச்சாச்சு."

அன்று சாயங்காலம் அரிசி ஆலை வேலை முடிந்து பாட்டுப் போட்டுக்கொண்டே திரும்பினான். வயல்களுக்கு நடுவே ஒற்றைச் சாலை. வளைவில் அந்தத் தக்கியான் மரம். அடிமரத்தில் ஏழு நிறத் துணி சுற்றியிருக்கும். கிளைகளில் பெண்கள் உடுத்தும் பட்டு உடைகள் தொங்கும். வேரடியில் ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா பாட்டில்கள். மரத்துக்குள்ளே ஆவியாய் ஒருத்தி இருக்கிறாள். அந்த வழியாகப் போகிற யாரும் மூன்று தடவை ஹாரன் அடிக்காமல் போவதில்லை.

அவனும் அடித்தான். கை தானாகப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது. வண்டி அதிர்ந்தது. சட்டென்று பாட்டு செத்தது.

என்ஜின் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பாட்டு மட்டும் இல்லை. தவளைகள்கூட வாயை மூடிக்கொண்டன. காற்றே இல்லை, ஒரு பச்சைப் பட்டுடை மட்டும் மெதுவாக ஆடியது. அப்போதுதான் தலைவாரிய மாதிரி தேங்காய் எண்ணெய் வாசனை. அவன் திரும்பிப் பார்க்காமல் விரட்டினான்.

வீட்டில் ஃபியூஸ் மாற்றினான். பாடியது. மறுநாள் மரத்தடியில் செத்தது. அதற்கு மறுநாளும் அங்கேயே. ஐந்தாம் நாள் சோறு இறங்கவில்லை.

"வீட்டு வாசல்ல பாடுதா?" லம்டுவான் கேட்டாள்.

"பாடுதே!"

"ஆலையில?"

"அங்கேயும் பாடுது!"

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அப்போ அவங்கதான்."

"யாரு?"

"ஐயோ, பேரைச் சொல்ல வைக்காதீங்க. அவங்களுக்குச் சத்தம் பிடிக்கலைங்க. பெட்டியை இறக்கிடறேன்னு வேண்டிக்குங்க."

ஊர்வலத்துக்கு முந்தின சாயங்காலம் மரத்தடியில் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தான். ஹாரன் மூன்று. சத்தம். அப்புறம் அதே அமைதி. ப்ரயூன் இறங்கினான். சிவப்பு சோடாவை உடைத்து வைத்து மண்டியிட்டான்.

"அம்மா, பெட்டியெல்லாம் வித்துடறேன். ஊர்வலமும் வேணாம். என்னை விட்டுடு தாயே."

பட்டுடையின் ஓரம் அவன் பிடரியைத் தடவியது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வண்டிக்குள் பாய்ந்தான்.

மறுநாள் ஊர்வலத்துக்கு முன்னால் அவன் விற்ற பெட்டிகள்தான் போயின, பக்கத்து ஊர்க்காரன் வண்டியில். ப்ரயூன் ஓரமாக நின்று பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு வாரம் கழித்து, கத்திரிக்காய் ஏற்றிய பிக்கப்பில் சந்தைக்குக் கிளம்பும்போது லம்டுவான் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். கண்ணாடி.

"யாரும் பார்க்கல, மாட்டுங்க."

மாட்டினான். உலகம் துலக்கமாகத் தெரிந்தது. டேஷ்போர்டு அறையைத் திறந்தான். மிச்சமிருந்த நாலு ஃபியூஸ் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான். நாற்பது. நாற்பது. நாற்பது. நாற்பது.

"நூறுன்னியேடி!"

"நூறு போட்டு, கம்பி எரிஞ்சு, நீங்க வண்டியோட போயிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

ஆனாலும் விடுவானா?

"சரி, எல்லா இடத்துலயும் பாடின பாட்டு அந்த மரத்தடியில மட்டும் ஏன் செத்துச்சு? அதுக்கு பதில் சொல்லு பார்ப்போம்!"

"முப்பது வருஷமா உங்க பக்கத்துல உட்கார்ந்து வரேன். அந்த மரம் வந்தாத்தானே பயத்துல, ஃபியூஸ் தாங்காத அளவுக்குச் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகுவீங்க?"