கடைசி வரியில் ஒரு மாப்பிள்ளை

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே கமாவைக் கண்டு பயந்த ஒரே மனிதர் எங்கள் கமா அண்ணன்தான். எதிரே பாம்பு வந்தால்கூட "சித்த அக்கட்டால போங்க" என்று மரியாதையாகச் சொல்லி வழிவிட்டிருப்பார். கமாவைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும்.

காந்திபுரத்தில் ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் இருந்த கல்யாணத் தகவல் மையத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். எனக்குப் போன், அவருக்குக் கம்ப்யூட்டர். வரன்களின் விவரத்தை எல்லாம் அவர் நோட்பேடில்தான் வைத்திருந்தார். பெண்களுக்கு ஒரு ஃபைல், மாப்பிள்ளைகளுக்கு ஒரு ஃபைல். ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர், கூட்டம் என்கிற குலப்பிரிவு, நட்சத்திரம், படிப்பு, சொத்து, உயரம் என்று வரிசையாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கமா போட வேண்டும். அவர் எழுதிய புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து, கமாவை அடையாளம் வைத்து இது பெயர், இது உயரம் என்று பிரித்துக்கொண்டு, யாருக்கு யார் பொருத்தம் என்று லிஸ்ட் கொடுக்கும்.

"ஏனுங்கண்ணா, ஊரே எக்ஸெல்லுல போடுது. நமக்கு மட்டும் எதுக்குங்க நோட்பேடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எக்ஸெல்லு பெரிய பங்களாங்க அம்மணி. எந்த ரூமுல எது கெடக்குதுன்னே தெரியாது. இது ஒத்த ரூமு ஊடுங்க. உள்ள வந்தா எல்லாமே கண்ணு முன்னால இருக்கும்" என்றார்.

அந்த ஒற்றை அறை வீட்டுக்குள் ஒரு கமா புகுந்துவிட்டது. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் மகனின் சொத்து விவரத்தில் "பத்து ஏக்கர் தோப்பு, ஆயிரம் அடி போர்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். டைப் அடித்த பெண் அதை அப்படியே அடித்துவிட்டாள். நடுவில் கமாவைப் பார்த்த புரோகிராம், தோப்போடு சொத்து தீர்ந்தது என்று முடிவு கட்டி, அடுத்து வந்ததை உயரத்தில் சேர்த்துவிட்டது. மறுநாள் ஒரு பெண்ணின் அப்பா போனில் வந்தார்.

"ஏனுங்க, மாப்ள ஒசரம் ஆயிரம் அடின்னு போட்டிருக்குதுங்களே?"

"ஐயோ, அது மாப்ள இல்லீங்க, போருங்க!"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தண்ணி இருக்குதுங்களா?"

அந்தக் கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று முதல் யார் விவரம் சொல்ல வந்தாலும், "கமா இல்லாம சொல்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார். பாவம், பெரியவர்கள் மூச்சுவிடாமல் பேசி மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவார்கள்.

கமா அடங்கியதும் எண்டர் கிளம்பியது. புதிதாகச் சேர்ந்த பெண் கடைசி வரியை அடித்த கையோடு எண்டரைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்குக் கீழே இருந்த வெற்று இடத்தையும் புரோகிராம் ஒரு மணப்பெண் என்று எடுத்துக்கொண்டது. பெயர் இல்லை. கூட்டம் இல்லாததால் எவரோடும் அண்ணன் தங்கை முறை வரவில்லை. நட்சத்திரம் இல்லாததால் தோஷமும் இல்லை. ஜில்லாவில் உள்ள அத்தனை மாப்பிள்ளைகளுக்கும் முதல் பொருத்தம் அவள்தான். ஈரோட்டு அம்மா ஒருவர், "போட்டோ இல்லாட்டிப் போவுதுங்க, குணம் எப்பிடிங்க?" என்று விசாரித்தார். அவளைப் போல் அமைதியான பெண் கிடைக்கவே மாட்டாள் என்று சொல்லத் தோன்றியது.

அன்று மத்தியானமே அண்ணன் புரோகிராமைத் திருத்தினார்.

"இனி ஒவ்வொரு வரிக்கும் முடிவுல எண்டர் தட்டோணுங்க. கடைசி எண்டருக்கு அப்பறம் என்ன கெடந்தாலும் அது ஆளே இல்ல, தொடாதேன்னு சொல்லிப்போட்டனுங்க."

எல்லோரும் அதைக் கேட்டு நடந்தோம். இல்லாத பெண்ணின் தொல்லை ஒழிந்தது.

அண்ணனுக்கும் அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அவருடைய அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல், நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தன் பெயரையும் மாப்பிள்ளை ஃபைலில் அடித்து வைத்திருந்தார். கடைசி வரியில். புதிதாக யார் பதிந்தாலும் அவர்களைத் தனக்கு மேலே சேர்த்துவிட்டு, தான் ஒரு வரி கீழே இறங்கிக்கொள்வார்.

"நம்பி வந்தவங்கள முன்னால உடோணுங்க. நமக்கென்ன அவசரம்?"

மரியாதை நல்லதுதான். ஆனால் டவுன் பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டு, பஸ் போன பிறகு ஸ்டாப்பில் தனியாக நிற்கிற அளவுக்கு ஒரு மனிதருக்கு மரியாதை ஆகாது.

அப்போதுதான் பெரியநாயக்கன்பாளையத்துப் பெண் வந்தாள். பம்ப் கம்பெனி ஒன்றில் டிராயிங் போடுகிறவள். அவளுடைய அப்பா கமா இல்லாமல் விவரம் சொல்லி முடித்து இருமியபோது, அவளும் சிரித்தாள், அண்ணனும் சிரித்தார். அண்ணன் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அடுத்த வாரம் உயரத்தைத் திருத்த வேண்டும் என்று தனியாக வந்தாள். அதற்கடுத்த வாரம் படிப்பைத் திருத்த வந்தாள். உயரமும் படிப்பும் முதலிலேயே சரியாகத்தான் இருந்தன.

"அண்ணா, நேராக் கேட்டுப்போடுங்க" என்றேன்.

"தப்புங்க அம்மணி. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு வர்ற வரனை நாமளே புடிச்சுக்கறதா? லிஸ்ட்ல நம்ம பேரு வரட்டுங்க. அப்பறம் அம்மாவக் கூட்டிக்கிட்டு மொறையாப் போறனுங்க."

வாரா வாரம் அவளுடைய லிஸ்ட்டை அவரே பிரிண்ட் எடுப்பார். மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்ப்பார். கவரில் போட்டு ஒட்டுவார். அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

"கூட்டம் வேற, ஒசரம் சரி, நச்சத்தரமும் சேருது. ஏன் வரலைன்னு உள்ள பாருங்கண்ணா!" என்று நான் கத்தியே விட்டேன்.

"நம்ம பேருக்காக புரோகிராமத் தோண்டுனா, மத்தவங்களுக்குக் குடுக்கற லிஸ்ட்டுக்கு என்னங்க மதிப்பு? பொருத்தம் இல்லீங்க போல. உடுங்க."

சில மாதம் கழித்து அவள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளை ஈரோட்டுக்காரர், நாங்கள் கொடுத்த லிஸ்ட்டில் இருந்தவர்தான். அண்ணன் எழுந்து நின்று இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். அவள் உடனே போகவில்லை.

"ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க இங்க பதியவே இல்லீங்களா?"

"பதிஞ்சிருக்கறனுங்க. கடைசில இருக்கறனுங்க."

"நான் ஒவ்வொரு லிஸ்ட்டையும் கடைசி வரைக்கும் பாத்தனுங்க" என்றாள். பிறகு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அண்ணன் மாப்பிள்ளை ஃபைலைத் திறந்தார். எல்லோருக்கும் கீழே அவருடைய வரி இருந்தது. அந்த வரியின் முடிவில் எண்டர் இல்லை. எண்டர் தட்டச் சொல்லி விதி போடுவதற்கு முன்பே அடித்த வரி அது. கடைசி எண்டருக்கு அப்புறம் இருப்பது ஆளே இல்லை என்று அவர்தானே சொல்லி வைத்திருந்தார்! அந்த விதி வந்த பிறகு புரோகிராம் அவரை ஒருநாளும் படிக்கவே இல்லை.

"புரோகிராம் மேல தப்பு இல்லீங்க அம்மணி. நாஞ் சொன்னதத்தான் செஞ்சிருக்குது" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, அவரை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலக் கோபமும் வந்தது. ஒரே ஒருநாள் தனக்காக அந்த ஃபைலைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா?

கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் பரிமாறிவிட்டுத்தான் வந்தார். இனி யார் கடைசியில் இருந்தாலும் விட்டுப்போகாதபடி புரோகிராமைத் திருத்தினார். தன்னுடைய வரியை மட்டும் அழித்துவிட்டார். அந்த வருஷமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் மையமும் பிறகு செல்போன் ஆப்பாக மாறிவிட்டது.

போன மாதம் அவரோடு போனில் பேசினேன். இன்னும் தனியாகத்தான் இருக்கிறார். அதனால்தான் இந்த வாரப் பத்தியில் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. உயரம் ஐந்தரை அடி. நாற்பதைத் தொடவில்லை. கெட்ட பழக்கம் கிடையாது, அரிசியும்பருப்பு சாதம் பிரமாதமாகச் செய்வார். வாசகர்கள் வீட்டில் நல்ல பெண் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். "இருக்கட்டுங்க, பரவால்லீங்க" என்றுதான் அவர் சொல்வார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.