கொட்டகைக்கு வந்த சாமியும் என் சட்டைப்பையும்

சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பதைச் சொல்லித்தரவில்லை. அந்த ஒரு பாடம் விட்டுப்போனதால், இருபத்தொரு வயதில், கைக்கு எட்டிய கொட்டகையைத் தொலைத்த பெருமை எனக்கு உண்டு.

கொட்டகை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கம்பத்தில் என் தாய்மாமா சீனிச்சாமி போட்டிருந்த கீற்றுக் கொட்டகை. முன்னால் மணல் தரை, பின்னால் நாலைந்து பெஞ்சு, பக்கத்தில் தட்டி கட்டிப் பெண்களுக்குத் தனி இடம். நெருக்கி உட்கார்ந்தால் இருநூறு பேர் கொள்ளும். (வயிற்றை எக்கிக்கொண்டால் இன்னும் பத்துப் பேர்.) மதுரையிலிருந்து நாடகக் கம்பெனிகள் வந்து தங்கி ஆடிவிட்டுப் போகும். யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்த கதை இது. அந்த மார்கழிக்கு வரவேண்டிய கம்பெனியின் ராஜபார்ட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. கன்னம் வீங்கிய ராஜாவைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஆனால் அவரால் வாயையே திறக்க முடியவில்லையாம். கம்பெனி வரவில்லை.

மாமாவுக்கு மலைமேல் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் இருந்தது. அங்கே வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொந்தத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று என்மேல் கண் வைத்திருந்தார். எனக்கோ மலை என்று சொன்னாலே குளிர் எடுக்கும். அட்டைக்கடி, விடாத சாரல், மலைக்காய்ச்சலுக்குக் கசப்பான கொயினா மருந்து, பேச ஆளில்லாத சாயங்காலம். சிவப்பாகப் போனவர்கள் மஞ்சளாகத் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் காலிக் கொட்டகையைக் கண்டதும் எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"மாமா, மார்கழியில கல்யாணம் காச்சி கெடையாது. மேளக்காரவுக, பாட்டுக்காரவுக எல்லாரும் சும்மாத்தான் இருக்காக. தெனம் ஒரு கூட்டத்தக் கூட்டியாந்து கொட்டகையில பாட வப்போம். மாசம் முழுக்கப் பாட்டு."

மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே யோசித்தார். "சரி. மாசம் பூராம் ஒம் பொறுப்பு. ஆளு வந்துச்சுன்னா கொட்டகைய நீயே வச்சு நடத்து. வரலைன்னா தை பொறந்ததும் மலைக்கு மூட்டையக் கட்டு. ஒண்ணே ஒண்ணு. கீத்துக் கொட்டகை. பீடி நெருப்பு உள்ள வந்துச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

ஆள் வந்தது. நானே எதிர்பார்க்காத அளவுக்கு வந்தது. முதல் நாள் கும்மி, அடுத்து காவடிச் சிந்து, அப்புறம் கோலாட்டம். உத்தமபாளையத்திலிருந்து ஒரு பக்கிரி வந்து தப்ஸ் மேளம் அடித்துக்கொண்டே பாடினார். ராயப்பன்பட்டிக் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் ஏசு பிறந்த கதையை நம் தெம்மாங்கு மெட்டில் பாடினார்கள். கதை மாட்டுக்கொட்டிலுக்கு வந்ததும் முன்வரிசைச் சம்சாரி ஒருவர் எழுந்தே விட்டார். "ஏப்பா, நெறமாசப் புள்ளத்தாச்சிய இந்தப் பனியில மாட்டுக்கொட்டத்துலயா போட்டு வச்சிருந்தாக? ஊர்ல ஒரு பொம்பள இல்லையா?" என்று சண்டைக்குப் போனார். அவரைச் சமாதானப்படுத்திய பிறகுதான் குழந்தை பிறந்தது. குமுளியிலிருந்து வந்த பெண்கள் மலையாளத்தில் திருவாதிரைப் பாட்டுப் பாடினார்கள். பாட்டு பாதி புரிந்தது. புரியாத பாதிக்கும் கை தட்டினோம்.

நான் சும்மா இருப்பேனா? வந்தவர்களையெல்லாம் கேள்வி கேட்டே களைப்படைய வைத்தேன். தப்ஸை ஏன் தீயில் காய்ச்சுகிறீர்கள், காய்ச்சாவிட்டால் என்ன ஆகும், கும்மியில் இடது பக்கமாகச் சுற்றினால் பாட்டு மாறுமா, இப்படி. பக்கிரி மட்டும், "தம்பி, நீ கேக்குறத நிறுத்துனா நான் பாடுறத ஆரம்பிப்பேன்" என்று பணிவாகச் சொன்னார்.

மார்கழி கடைசி நாளுக்கு உறுமி மேளம் ஏற்பாடு செய்திருந்தேன். உறுமிக்காரர் மொக்கச்சாமி வாய்ப்பந்தலுக்குப் பேர்போனவர். "நான் குச்சியத் தேச்சா செத்த மாடு எந்திரிச்சு வைக்கோல் கேக்கும்" என்பார். ஏற்பாடு பேசப்போன அன்று அவர் அடித்துக் காட்டிய அடிகளில் ஒன்றைத் தொடங்கிய வேகத்திலேயே நிறுத்திவிட்டார்.

"அது என்ன அடிண்ணே?"

"அது அழைப்பு. சாமிய அழைக்கிற அடி. கோயில்ல உத்தரவு கேட்டுத்தான் அடிக்கணும்."

"கொட்டகையில அடிச்சா?"

"அடிக்கக் கூடாது, சின்ன மொதலாளி."

"அடிச்சா என்னண்ணே ஆகும்?"

மொக்கச்சாமி தலையைச் சொறிந்தார். "தெரியலையே. எங்கப்பனும் அடிச்சதில்ல, நானும் அடிச்சதில்ல."

"என்னதான் ஆகும்னு ஒரு நாளும் தோணுனதில்லையா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தோணாம இருக்குமா?"

ஆக, ஊரில் அந்தச் சந்தேகம் உள்ளவன் நான் ஒருவன் மட்டும் இல்லை. கோயில், சாம்பிராணிப் புகை, விரதம் இருந்த வெறும் வயிறு, இவையெல்லாம் சேர்ந்துதான் ஆட்டம் வருகிறது, வெறும் சத்தத்துக்கு வராது என்பது என் கட்சி. (எட்டாம் வகுப்பு முடித்தவனுக்கு இந்த அளவாவது கட்சி இருக்க வேண்டாமா?) கடைசி நாள் கடைசி உருப்படியாக அந்த அடியை வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் ரகசியமாக முடிவு செய்தோம்.

அன்று மத்தியானம் தையற்காரர் கொண்டுவந்து கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். கூட்டம் வாசலுக்கு வெளியே சாலை வரைக்கும் நின்றது. மாமா வந்தார். அத்தையும் வந்தார். அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேசுவதே பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். மாமாவுக்கு நேராக நின்று பேசமாட்டார். மாமா பேரைச் சொல்லமாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம், "அடுப்படி ஒழுகுதுன்னு அவுககிட்டச் சொல்லுய்யா" என்பார். நானும் மூன்று மழைக்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவும் "பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மேளம் ஆரம்பிக்கும் முன் மாமா என் முதுகில் தட்டினார். "பரவாயில்லையேடா. தை பொறக்கட்டும், கொட்டகைச் சாவி ஒங்கிட்டத்தான்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மலை ஒழிந்தது என்று மனசுக்குள் பெரிய கும்பிடு போட்டேன். அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் நான் புத்திசாலி.

சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் ஏற்றியதும் மேளம் தொடங்கியது. கடைசி உருப்படி வந்தது. மொக்கச்சாமி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வளைந்த குச்சி தோலில் உரசியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? காதில் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் கேட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கால்மேல் கால் போட்டிருந்தவர்கள் காலை இறக்கினார்கள். நான் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாருக்காவது வருமா, வந்தால் முதலில் கை நடுங்குமா, தலை ஆடுமா என்று தெரிந்துகொள்ளும் ஆசை. ஆண்கள் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பிழை.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல். தட்டி அப்படியே சாய்ந்து விழுந்தது. அதன்மேல் ஏறி, முடி அவிழ, எங்கள் அத்தை வந்தார்.

"ஏலே சீனி!"

மாமா திரும்பித் தமக்குப் பின்னால் எந்தச் சீனி உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தார்.

"ஒன்னையத்தாண்டா! எந்திரி!"

மாமா எழுந்தார். தோளில் கிடந்த துண்டு தானாகவே இடுப்புக்கு வந்துவிட்டது. கம்பத்தில் மாமாவை 'டா' போட்ட முதல் ஆள், அவர் பேரை வாயால் சொல்லாத அவர் சம்சாரம்!

சாமி வந்துவிட்டால் யாராவது ஒருவர் முன்னால் நின்று விசாரிக்க வேண்டும். யார் வந்திருக்கிறது, என்ன குறை என்று கேட்க வேண்டும். அதுதான் முறை. பூசாரி எங்கே என்றார்கள். கொட்டகைக்கு ஏது பூசாரி? "அழைச்சது யாரு? அவுகளே கேக்கட்டும்" என்றார் ஒரு பெரியவர். நாலு கைகள் சேர்ந்து என்னை முன்னால் தள்ளின. வெற்றிலைக் கடையிலிருந்து யாரோ திருநீறு கொண்டுவந்து என் கையில் கொட்டினார்கள்.

"சாமி... யாரு வந்திருக்கீக?"

"காளிடா!"

"என்ன கொறை ஆத்தா? சொல்லுங்க, செஞ்சுருவோம்."

"அடுப்படி ஒழுகுதுடா!"

கூட்டம் ஒரு நிமிஷம் குழம்பியது. அங்கே எனக்குச் சந்தேகம் பிறந்தது. காளிக்கு ஏது அடுப்படி? வந்திருப்பது சாமியா, மூன்று மழைக்காலம் பொறுத்திருந்த அத்தையா? வேறு யாராக இருந்தாலும் திருநீற்றைப் பூசிவிட்டு, "சரி ஆத்தா, ஓடு மாத்திருவோம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் அப்படியா? தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று பட்டது.

"சாமி தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு சின்னச் சந்தேகம். எஞ் சட்டப்பையில என்ன இருக்கு?"

மேளம் தானாக நின்றது. மொக்கச்சாமியின் குச்சி பாதியில் நின்றது. அத்தை ஆடாமல் என்னையே பார்த்தார்.

நான் ஏன் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், பதில் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கும் தெரியக் கூடாத சங்கதி என்பதால்தான் மற்றவர்களுக்குத் தெரியாது. சரியான பதில் வந்துவிட்டால் என் கதி என்ன என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

"பீடி" என்றது சாமி.

யாரோ "ஆத்தாடி!" என்றார்கள்.

"தீப்பெட்டியும்" என்றது சாமி.

தினம் சாயங்காலம் வாசலில் நின்று, "பீடி குடிக்கிறவுக அங்கனயே நின்னு முடிச்சிட்டு வாங்க, கீத்துக் கொட்டகை!" என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். கத்தி முடித்ததும் பின்பக்கம் போய், கீற்று ஓரத்திலேயே நின்று ஒன்று பற்ற வைத்துக்கொள்வேன். மாமா மெதுவாக வந்து என் புதுச் சட்டைப்பையில் கையை விட்டார். பீடிக் கட்டை எடுத்தார். தீப்பெட்டியை எடுத்து ஒரு முறை குலுக்கிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து காய்ந்த கீற்றுக் கூரையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"என்னையவா சோதிக்கிற?" என்று சாமி தொடர்ந்தது. "சீனி! மலையில எங் கல்லு வெளக்கில்லாமக் கெடக்கு. இவன அங்கன அனுப்பு. தெனம் வெளக்கேத்தட்டும். புத்தி வரும்."

"உத்தரவு ஆத்தா" என்றார் மாமா, கையைக் கட்டிக்கொண்டு.

திருநீறு பூசினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். சாமி மலையேறிவிட்டது. (சாமி விலகுவதை அப்படித்தான் சொல்வோம். இந்தத் தடவை துணைக்கு ஒரு ஆளையும் அழைத்துக்கொண்டது.) அத்தை கண்ணைத் திறந்தார். அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தார். எதிரே மாமா கைகட்டி நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தார்.

"என்னய்யா, அவுக நிக்கிறாக? உக்காரச் சொல்லு."

பொங்கல் மூன்று நாள் கழிந்ததுமே அடுப்படிக்கு ஓடு மாற்றினார்கள். ஓடு மாற்றிய கையோடு நான் கம்பம்மெட்டுப் பாதையில் மூட்டையோடு ஏறினேன். முதல் வாரம் அட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அழுதேன். கொட்டகையை மாமா வேறொரு மருமகனிடம் கொடுத்தார். அவனுக்குச் சந்தேகம் கேட்கிற பழக்கமே கிடையாது, நன்றாக நடத்தினான். நான் மலையில் பல வருஷம் இருந்தேன். தினம் விளக்கேற்றினேன். பீடியை விட்டேன். விளக்கு ஏற்றும்போது தீப்பெட்டியைக் கையில் எடுத்தாலே யாரோ பார்ப்பதுபோல இருக்கும். பிறகு எங்கிருந்து பீடி குடிப்பது?

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு அந்த மார்கழி பெரிய சொத்தாகிவிட்டது. புருஷன்மார் எதையாவது "பாப்போம்" என்று தள்ளிப்போட்டால் சண்டை போடமாட்டார்கள். "உறுமிய வரச் சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். என் மருமகள் அந்த ஒரு கேள்வியிலேயே தையல் மிஷின் வாங்கிவிட்டாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நாகஸ்வரம் மட்டும்தான். உறுமி என்று யாராவது வாயெடுத்தால் ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்போம்.

மாமா காலமான பிறகு, அத்தைக்குப் பல் எல்லாம் விழுந்த வயசில், ஒரு நாள் தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டேன். (பழக்கம் விடுமா?)

"அத்தே, நெசத்தச் சொல்லுங்க. எஞ் சட்டையத் தொவச்சுப் போட்டது நீங்கதான? பீடி வாசம் தெரிஞ்சிருக்கும். அன்னிக்கி வந்தது சாமியா, நீங்களா?"

அத்தை வெகுநேரம் சிரித்தார்.

"வாசம் எனக்கு மொதல்லயே தெரியும்ய்யா. ஆனா அன்னிக்கி நீ போட்டிருந்தது தொவைக்காத புதுச் சட்ட. மத்தியானம் வந்தது. அதுக்குள்ள தீப்பெட்டி இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

அதன்பிறகு நான் தைத்துக்கொண்ட ஒரு சட்டைக்கும் பை கிடையாது.