ஆறு ஸ்பீக்கர்காரர்

படம் பார்க்கிறவர்கள் ஓர் இனம். படம் ஓடுவதற்கு ஏற்பாடு செய்கிறவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தாருக்குப் படம் முடிந்த பிறகு கதை ஞாபகம் இருக்கும். சில சமயம் கண் கலங்கியும் இருக்கும். இரண்டாம் இனத்தாருக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. கதாநாயகி ஆற்றில் விழுந்து உயிருக்குப் போராடும்போது, தண்ணீர்ச் சத்தம் இடது பின்பக்கத்திலிருந்து வருகிறதா, வலது பின்பக்கத்திலிருந்து வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சரியான பக்கத்திலிருந்து வந்துவிட்டால் போதும். அவள் செத்ததில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

பாங்காக்கை ஒட்டிய நொந்தபுரியில் (தமிழ்க் காதுக்கு எப்படிப் பட்டாலும் அது சந்தோஷமான ஊர்தான்) படகுத்துறைக்குப் போகும் சாலையில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மாடிவீட்டு வரிசையில் ஏழாவது வீடு வொராவுத்துடையது. எல்லோருக்கும் அவர் வுத். பாங்காக்கின் உயரமான கட்டடங்களில் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் ஒட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம் லிஃப்டுகளோடு பழகியதில் மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது: பொத்தானைக் கையில் கொடுத்தால் தப்பானதைத்தான் அழுத்துவார்கள். ஆகவே அவர்கள் அழுத்துவதற்கு முன்பே சரியானதை முடிவு செய்து வைத்துவிடுவது நல்லது. லிஃப்டைப் பொறுத்தவரை இது நல்ல கொள்கை. ஆனால் மனுஷர் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாரே?

மூன்றரை மீட்டர் அகலமுள்ள அவர் வீட்டு முன்னறையில் ஆறு ஸ்பீக்கர்கள் இருந்தன. டிவிக்கு அடியில் ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் நாய்க்கூண்டு அளவில் உறுமுவதற்கென்றே ஒரு பெட்டி. அது உறுமினால் சமையலறையில் தட்டுகள் நடுங்கும். பின்பக்க ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு இடம் போதாமல் ஃப்ரிட்ஜின் தலைமேல் ஏற்றியிருந்தார். மீன் எடுக்கப் போகிறவர்கள் கதவை மெதுவாகத் திறக்க வேண்டும். நடுவில் ஒரு நாற்காலி. டேப் வைத்து அளந்து, தரையில் நான்கு கால்களுக்கும் அடையாளம் ஒட்டியிருந்தார். அதில் உட்கார்ந்தால்தான் ஆறும் ஒன்றாகச் சேருமாம். வீட்டில் யாரும் அதில் உட்கார்வதில்லை. உட்கார்ந்தால் பாடம் நடக்கும்.

மாடிப்படிக்கு அடியில், செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. எண்ணூறு படங்களுக்கு மேல் அதில் இருந்தன. வீட்டின் எந்தத் திரையில் கேட்டாலும் அது படத்தை அனுப்பும். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மூன்று ஒலித்தடங்கள்: மூல மொழியில், ஆறு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கிற தடம் ஒன்று, தாய்லாந்து நாட்டுத் தாய் மொழியில் குரல் கொடுத்த, இரண்டே ஸ்பீக்கருக்கான சாதாரணத் தடம் ஒன்று, இப்படி. இவற்றில் எது டிஃபால்ட், அதாவது யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எது தானாக ஓட வேண்டும் என்று அந்தப் பெட்டியின் மென்பொருள் ஆளுக்கொரு தடவை கேட்கும். வீட்டில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. எல்லோருக்குமான பதிலையும் வுத்தே சொல்லி முடித்திருந்தார். ஆறுதான். எப்போதும் ஆறுதான்.

மாடியில் அவர் மனைவி மாலிவான் பார்க்கும் பழைய டிவிக்கு இருந்தது இரண்டே ஸ்பீக்கர். ஆறுக்கென்று பிரித்த சத்தம் அங்கே போனால் என்ன ஆகும்? இடி விழும், குதிரை ஓடும், வயலின் அழும். மனிதர்கள் மட்டும் மீன்போல வாயைத் திறந்து மூடுவார்கள். பேச்சு போகவேண்டிய நடு ஸ்பீக்கர்தான் அங்கே இல்லையே. பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிற மாலிவான், ராத்திரி ஒரு மணி நேரம் யாராவது பேசுவதைக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மேலே உள்ள டிவிக்கு மட்டும் சாதாரணத் தடத்தை வைத்துத் தரும்படி மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் வுத் பொறுமையாக விளக்கினார்.

“குத்தம் தடத்துல இல்ல வான். அந்த டிவியிலதான்.”

“எனக்கு யார் மேல குத்தம்னு வேணாம். என்ன பேசறாங்கன்னு கேட்டாப் போதும்.”

டிவியை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். அவள் கைபேசியில் பார்க்க ஆரம்பித்தாள்.

ஏப்ரலில், ஊரே தெருவில் இறங்கி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த புத்தாண்டு விடுமுறையில், வுத் காயாத சட்டையோடு உள்ளே உட்கார்ந்து ஒரு சுத்திகரிப்புத் திட்டம் எழுதினார். ஆறு உள்ள படத்தில் இரண்டு எதற்கு? நல்லது இருக்கும்போது மட்டமானது இடத்தை அடைக்கலாமா? எண்ணூறு படங்களிலிருந்தும் இரண்டு ஸ்பீக்கர் தடங்களை ஒரே நாளில் துடைத்தெடுத்தார். இனிமேல் வரும் படங்களுக்கும் அதுவே தானாக நடக்கும்படி ஏற்பாடு செய்தார். செய்துவிட்டு மறந்தும் போனார். இந்த இனத்தாரின் ஏற்பாடுகளில் ஆபத்தான பகுதி, அவர்கள் மறந்துபோகிற பகுதிதான்.

இனி மாலிவானின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்சனி வெளிநாட்டுப் படங்களுக்குத் தாய் மொழியில் குரல் கொடுப்பவள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. சந்தைக் கூட்டம், விபத்தில் அலறும் பயணிகள், கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை, அவ்வளவுதான். அவர்களுடைய அப்பா சம்ரான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வேலை செய்த படம் டிவியில் வந்தால் கிட்டே போய் உட்கார்ந்து, இதில் நீ எங்கே என்று கேட்பார். அதோ அந்தக் கூட்டத்தில் என்பாள் அவள். அவர் காதைத் தீட்டிக் கேட்பார். ஒரு தடவையும் கண்டுபிடித்ததில்லை. நாளாக ஆக, கத்துவதற்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு நாயக வேடம் கிடைத்தது. தான் பிறந்த ஆற்றைத் தேடிப் போகும் ஒரு நீர்நாயின் கதை, குழந்தைகள் படம். வெளியூர்த் தியேட்டர்களில் இரண்டே வாரம் தாய் மொழியில் ஓடியது. அந்த இரண்டு வாரமும் சம்ரான் இடுப்பெலும்பு அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ரத்சனி கம்பெனியில் கெஞ்சி ஒரு பிரதி வாங்கினாள். விரல் அளவு பென்டிரைவ். அதை அக்கா வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் அவரிடம்? குடும்பத்தில் சத்தத்தைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே.

வுத் அன்றைக்கே பெட்டியில் ஏற்றி, முதல் நான்கு நிமிஷம் கேட்டார். யாரும் பேசாத ஆற்றுக் காட்சி. தண்ணீர் ஃப்ரிட்ஜின் மேலிருந்து இறங்கி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு டிவிக்கு அடியில் போய் மறைந்தது. பரவசமாகி ரத்சனிக்கு ஃபோன் செய்து ஆற்றைப் பாராட்டினார். என் குரல் எப்படி என்று அவள் கேட்டதற்கு, இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை என்றார். அவள் சிரித்தாள். அப்புறம் வுத் அந்தப் பென்டிரைவைத் துடைத்துவிட்டு, அதில் தன் ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய மென்பொருளை ஏற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். வாட்டிய கோழி, பப்பாளிக்காய்ச் சாலட், ஒட்டரிசிச் சோறு எல்லாம் தரையில் பாய்மேல் இருந்தன. சம்ரானை நடைச்சட்டத்தோடு மெல்ல அழைத்துவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார் வுத். தலையை நாலு விரற்கடை பின்னால் தள்ளச் சொன்னார். கொஞ்சம் இடது பக்கம். இல்லை, அவ்வளவு வேண்டாம்.

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், மாப்ள. ஒரு பயணியக்கூட இப்படி உக்கார வச்சதில்ல” என்றார் சம்ரான்.

ஆறு ஓடியது. சம்ரான் திரும்பி ஃப்ரிட்ஜைப் பார்த்தார். வுத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு நீர்நாய் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, மீசையை உதறி, வாயைத் திறந்து, சுத்தமான ஆங்கிலத்தில் பேசியது.

ரத்சனி அக்காவைப் பார்த்தாள். தடத்தை மாற்ற மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வுத் பட்டியலைத் திறந்தார். பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது. ஆங்கிலம், ஆறு. மூடிவிட்டுத் திறந்தார். அதே வரிதான். என்ன நடந்திருக்கிறது என்று அந்த வினாடியே தெரிந்துவிட்டது. தெரிந்தவுடன் சொல்லிவிட்டாரா? இந்த இனத்தை நீங்கள் அறியவில்லை. மாடிப்படிக்கு அடியில் நுழைந்து பெட்டியை அணைத்துப் போட்டார். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினார். நெட் மெதுவாக இருக்கிறது என்றார். முக்கால் மணி நேரம் குனிந்து, நிமிர்ந்து, வியர்த்து, இல்லாத கோளாறைத் தேடினார். ஒட்டரிசி ஆறிக் கட்டியானது. சம்ரான் கோழியை மட்டும் பிய்த்துத் தின்றபடி, வைத்த இடத்திலிருந்து தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மாலிவான் பாயைவிட்டு எழவில்லை. “அந்த சாதாரணத் தடத்த என்ன பண்ணினீங்க?” என்று கேட்டாள்.

வுத் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ரெண்டு ஸ்பீக்கர் தடமெல்லாம்... குப்பைன்னு தூக்கிட்டேன். இதுவும் அதோட போயிருக்கு.”

“நான் குடுத்தது இருக்குமே, அண்ணே?” என்றாள் ரத்சனி.

அதையும் துடைத்துவிட்டதாகச் சொன்னார். எதற்காகத் துடைத்தார் என்பதைச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தைவிட்டு வெளியே வந்த ஒரு குரல், ஆம்ப்ளிஃபயர் மென்பொருளுக்கு இடம் விட்டுப் போயிருக்கிறது. குப்பை என்ற வார்த்தை அறையில் அப்படியே நின்றது. ஆறு ஸ்பீக்கரில் ஒன்றாவது அந்த நேரம் உறுமித் தொலைத்திருக்கலாம்.

சம்ரான் ஒன்றும் புரியாமல், “இதுலயும் கூட்டத்துலதானா?” என்று மகளைக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ரத்சனி கை கழுவிவிட்டு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து டிவிக்குப் பக்கத்தில் போட்டு, அப்பாவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“சத்தத்த சுத்தமா நிறுத்துங்க அண்ணே. படத்த மட்டும் முதல்லேருந்து ஓட விடுங்க.”

வுத் நிறுத்தினார். அந்த வீட்டில் அந்த ஆறும் ஒன்றாக வாயை மூடியது அன்றுதான். நீர்நாய் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. ரத்சனி பேசினாள். எட்டு வயசுப் பிள்ளையின் குரல். மூக்கடைப்பும் பிடிவாதமும் கலந்தது. மூன்று வாரம் அந்த நீர்நாயோடு குரல்பதிவுக் கண்ணாடி அறைக்குள் இருந்தவள்; ஒரு வரி பிசகவில்லை. தவளைக்கும் அவளே பேசினாள். மீனவன் மனைவியாகத் திட்டினாள். மழைக்கு வாயால் இரைந்தாள். மற்றவர்கள் வசனம் மட்டும் இரண்டு இடத்தில் மறந்து சொந்தமாகச் சேர்த்தாள். அதற்குத்தான் மாலிவான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்ரான் அடையாளத்தையெல்லாம் மீறி நாற்காலியை முன்னால் நகர்த்திவிட்டார். திரையைப் பார்ப்பதா, மகளைப் பார்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. வரவர மகளையே பார்த்தார்.

வுத் முதலில் ஃப்ரிட்ஜை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எப்போது பாயில் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் கடைசிவரை பார்த்த முதல் படம் அது. ஆறு வற்றிப்போயிருப்பதைக் கண்டு நீர்நாய் பேசாமல் நிற்கும் இடத்தில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அழுக்கு எதுவும் இல்லை.

படம் முடிந்ததும் சம்ரான் தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கெழட்டு ஆமை. அதுக்கும் நீயேவா பேசின?”

“அதுவும் நான்தாம்பா. படத்துல வேற ஒருத்தர் பேசினார்.”

“எவன்டா என்ன மாதிரியே இருமுறான்னு பாத்தேன்” என்றார் அவர். பிறகு, அடுத்த வேடம் எப்போது என்று கேட்டார். அவள் தொழிலைப் பற்றி அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வுத் விடுப்புப் போட்டுவிட்டு, நகரத்தின் மறுகோடியில் இருந்த குரல்பதிவுக் கம்பெனிக்குப் போனார். வரவேற்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று மேலாளர் கேட்டபோது, ஒயரைப் பற்றியோ நெட்டைப் பற்றியோ சொல்லாமல், நான்தான் அழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். இன்னொரு பிரதி கிடைத்தது. அதைச் சம்ரான் வீட்டு டிவியில் தானே செருகிக் கொடுத்துவிட்டு வந்தார். மனுஷர் திருந்திவிட்டார் என்று குடும்பமே நம்பியது.

அடுத்த சனிக்கிழமை, மாலிவான் பாதியில் விட்டிருந்த கொரியத் தொடர் ஒன்றை மாடியில் போட்டாள். கதாநாயகன் தாய் மொழியில் பேசினான். பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு வரிதான். தாய், இரண்டு.

கீழே வந்தாள். வுத் மலர்ந்த முகத்தோடு விளக்கினார். மனிதக் குரல்தான் முக்கியம் என்று இப்போது புரிந்துவிட்டதாம். தாய்க் குரல் தடங்களை மறுபடி தேடி இறக்கி, ஆறைத் துடைத்துவிட்டு, எல்லோர் கணக்கிலும் மாற்றிவிட்டாராம். ஆறு எல்லாம் வெறும் ஆடம்பரமாம்.

“எனக்கு அந்தக் கொரியாக்காரனோட சொந்தக் குரல்தான் வேணும்.”

“புரியற மொழியில கேட்டாத்தானே வான் உனக்கு நல்லது?”

அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால், வுத்தின் வியாதி ஸ்பீக்கரில் இருந்ததே இல்லை.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை. எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஆறு ஸ்பீக்கர் கிடையாது. இருந்தாலும் யாரையும் அளந்து உட்கார வைக்க மாட்டீர்கள். சும்மா ஒன்று கேட்கிறேன்: இப்போது உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியை மூன்றில் வைத்தது யார்? அந்த அறையில் இன்னொருவர் போர்வையை இழுத்துக் காதுவரை மூடிக்கொண்டிருக்கிறாரே, அவருக்கு அதுதான் நல்லது என்று எப்போது முடிவு செய்தீர்கள்?