டம்ளருடன் சேர்த்து நானூறு கிராம்

எங்கள் அலுவலகச் சமையலறையில் உப்பை டம்ளரால் அளக்கிறார்கள் என்ற அதிர்ச்சித் தகவல் ஒருநாள் மேலிடத்தின் காதுக்கு எட்டியது. விஞ்ஞான யுகத்தில் டம்ளரா என்று மேலிடம் வருந்தியது. இனி எல்லாம் எடைதான் என்று முடிவாகி, டம்ளரைக் கிராமாக மாற்றும் பொறுப்பு சுற்றறிக்கை சாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. சுற்றறிக்கை விடாமல் தும்மக்கூட மாட்டார் என்பதால் அந்தப் பெயரை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அவர் புதுத் தராசுடன் சமையலறைக்கு எழுந்தருளினார். அவருடைய உதவியாளன் என்ற முறையில் தராசின் அட்டைப்பெட்டியைச் சுமக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சமையல்கார அக்கா எவர்சில்வர் டம்ளரில் உப்பைத் தலைதட்டிக் கொடுத்தார். சார் அதை அப்படியே தூக்கித் தராசில் வைத்தார். ஒரு டம்ளர் உப்பு என்பது நானூறு கிராம் என்று மாலைக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது.

மறுநாள் சூப்பை வாயில் வைத்த அத்தனை பேரும் குழாயடிக்கு ஓடினோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவே மிஞ்சிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அக்கா தராசைத் தூக்கிக்கொண்டு சாரிடம் வந்தார். சார் உப்பைக் கொட்டிவிட்டு வெறும் டம்ளரை வைத்துப் பார்த்தார். நூற்றைம்பது கிராம்.

"அப்போ உப்பு இருநூத்தம்பதுதான். திருத்திடுங்க சார். வெள்ளிக்கிழமை இயக்குநர் சாப்பிட வர்றார். அவருக்குப் பிடிச்சாத்தான் என் வேலை நிரந்தரம். வருஷக்கணக்கா தற்காலிகமாவே கிடக்கேன்."

"திருத்தினா முதல்ல போட்டது தப்புன்னு ஆயிடும்மா."

"தப்புதானே சார்?"

"நானூறு கிராம் பானைக்குள்ள போகணும், அவ்வளவுதான். டம்ளரோட போட்டுடுங்க. கணக்கும் சரியா வரும், ருசியும் சரியா வரும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அட்டைப்பெட்டியைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை உப்பு, மிளகுத்தூள், மாவு எல்லாம் தத்தம் டம்ளருடன் சூப்பில் இறங்கின. சும்மா சொல்லக்கூடாது, ருசி பிரமாதம். ஆனால் இயக்குநரின் கிண்ணத்தில் ஒரு டம்ளர் 'டங்'கென்று விழுந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன இது?"

"அளவு சார்" என்றார் சுற்றறிக்கை சார்.

தெரியாது என்று சொல்லி இயக்குநருக்குப் பழக்கமில்லை. "தெரியுமே. வெளிநாட்டுல சாப்பிட்டிருக்கேன். அங்கே கைப்பிடி வெச்சிருக்கும்."

அக்கா அந்த இடத்திலேயே நிரந்தரமானார். தன் கிண்ணத்தில் டம்ளர் விழாத துணை இயக்குநர் மட்டும் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. அடுத்த வாரமே, அதிகாரிகளுக்குத் தலைக்கு ஒரு டம்ளர், கண்காணிப்பாளர்களுக்கு இருவருக்கு ஒன்று என்று ஆணை வந்தது. ஓட்டல்களில் டம்ளர் சூப் இரட்டை விலைக்குப் போனது. என் மனைவியும் குழம்பில் ஒன்றைப் போட்டுவிட்டு, "எங்க அண்ணி வீட்டுல வெள்ளி டம்ளராம்" என்று பெருமூச்சு விட்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் எத்தனை நாள்தான் சிரிப்பது? வரிசையில் நிற்கிற எனக்கு மட்டும் தினமும் வெறும் சூப். நேற்று யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னேன்:

"அக்கா, கொஞ்சம் அடியிலேர்ந்து கலக்கி ஊத்துங்களேன்."

அக்கா கரண்டியை நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த கிரேடு?"