பீரங்கியை நம்பிப் பணி துறந்தேன்

ஒரு பணியில் சேர்வதற்கு ஓரளவு அறிவு போதும். அதை விடுவதற்குத்தான் நிறைய வேண்டும். என்னிடம் இருந்த அறிவு முழுவதும் முதற் காரியத்திலேயே செலவாகிவிட்டது என்பதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஏரியின் நடுவே தீவாகக் கிடக்கும் பசியாவரத்தில் ஊராருக்கு ஓலை எழுதிக்கொண்டிருந்தேன். எந்த நாளில், ஏரியின் எந்தப் பகுதியில், எந்த வீட்டார் வலை கட்டலாம் என்னும் முறைக்கு எங்கள் ஊரில் பாடு என்று பெயர். அம்முறையை ஆண்டுதோறும் ஓலையில் எழுதிக் கட்டிவைப்பது என் தொழில். கூலியாக ஒவ்வொரு வலையிலிருந்தும் நாள்தோறும் ஒரு கை மீன் கிடைக்கும். நானும் மனைவி எல்லம்மாவும் பிள்ளைகள் இருவரும் அந்த மீனில்தான் வாழ்ந்தோம்.

பொன்னேரியில் ஒரு புலவரிடம் ஆறாண்டு இலக்கணம் பயின்றவன் நான். ஆகவே பேச்சு வழக்கில் எழுத என் கை கூசியது. "கிழக்கால மொத பாடு ஏகாம்பரம்" என்று எழுத வேண்டிய இடத்தில், "கீழ்த்திசைக்கண் முதற்பாடுடையான் ஏகாம்பரன் என்க" என்று எழுதினேன். ஊரார் நாள்தோறும் என் வாசலுக்கு வந்து, இன்று யார் முறை என்று கேட்டுப் போவார்கள். இவர்களுக்குத் தமிழின்மேல் இத்துணைக் காதலா என்று நான் பூரித்துப்போவேன். (எழுதியதைப் படிக்க முடியாமல் வருகிறார்கள் என்பது ஊரில் எனக்கு மட்டுந்தான் தெரியாது.)

ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தனர். நெசவாளர் கொண்டுவரும் துணிகளுக்குத் தமிழில் ஓலை எழுத அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கோட்டைத் துபாஷி என்னை வரவழைத்து ஒரு பகல் முழுவதும் எழுதச் செய்து பார்த்தார்.

"வேலை உமக்குத்தான், புலவரே. பழைய துரைக்குப் பரம திருப்தி. ஆனா அவர் ஊருக்குப் போறார். பத்தாவியாவிலேருந்து கப்பல்ல வர்ற புதுத் துரை சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

'வேலை உமக்குத்தான்' என்பது மட்டும் என் செவியில் தங்கியது. எஞ்சிய வாக்கியங்கள் ஏரிக்காற்றோடு போயின. வீட்டுக்கு வந்து எல்லம்மாவிடம் சொன்னேன்.

"துரை உன்ன பாத்தாரா?" என்றாள்.

"பழைய துரை பார்த்தார்."

"புதுசு?"

"இன்னும் கடலில் இருக்கிறார்."

"இன்னாய்யா நீ! முகம் தெரியாத ஒருத்தரு நடுக்கடல்ல கீறாரு. அவர நம்பி, தெனம் வர்ற மீன உடச் சொல்றியா? ஓலை எழுதி முத்திர குத்திக் கையில குடுக்கட்டும். அப்பால ஊர்ல சொல்லிக்கலாம்."

நல்ல யோசனைதான். ஆனால் காத்திருக்க வழியில்லை. ஆடி அமாவாசையன்று ஊர்க்கூட்டம். அன்று புதுச் சுற்றின் ஓலையைக் கட்டி முடிச்சிடுபவன் அடுத்த ஆடிவரை வேறு பணிக்குப் போகலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. முடிச்சிட்டால் கோட்டை போகும். இடாவிட்டால் மீன் போகும். எதை எப்போது விடுவது?

நான் உறுதியானவன். உறுதியானவர்கள் குழம்பும்போது விதி வகுத்துக்கொள்வார்கள். வாய்வார்த்தையை நம்பேன்; பாய்மரத்தைக் கண்ணால் கண்டாலும் நம்பேன்; கப்பல் நங்கூரமிட்டதும் கோட்டையில் மும்முறை பீரங்கி முழங்குவது வழக்கம், அம்மும்முழக்கம் கேட்டாலன்றிப் பணி துறவேன் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். (கப்பல் வந்துவிட்டால் துரை சரி என்று சொல்லிவிடுவாரா? அந்த ஐயம் எனக்குத் தோன்றவே இல்லை. உறுதி அவ்வளவு.)

ஆடி அமாவாசை வந்தது. கங்கையம்மன் கோயில் முன்பு ஊர் கூடியிருந்தது. நாட்டார் ஏகாம்பரம் நடுவில் அமர்ந்திருந்தார். அவர் ஊருக்குத் தலைவர்; வெற்றிலையை மென்றபடியே எவ்வழக்கையும் தீர்த்துவிடுபவர். ஓலைக்கட்டு என் மடியில் இருந்தது. கயிற்றை எடுத்தேன். அப்போது அக்கரையிலிருந்து முதல் முழக்கம் கேட்டது.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டாம் முழக்கத்தில் எழுந்து நின்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று பத்தொன்பது அடியில் ஓர் உரை ஆயத்தம் செய்திருந்தேன். அதன் முதலடியைக் கணீரென்று சொன்னேன்.

"அவையோரே! ஆறாண்டாய் ஆற்றிவந்த இவ்வோலைப் பணியை இன்றோடு துறக்கின்றேன்!"

அச்சொல் முடிந்த அக்கணமே மூன்றாம் முழக்கம் அதிர்ந்தது. என் வாக்கியம் ஒன்றுக்கு அதற்கு முன்னும் பின்னும் எவரும் அத்தகைய மரியாதை செய்ததில்லை.

கண்ணீரை எதிர்பார்த்தேன். "எங்கள விட்டுப் போவாதே" என்று யாரேனும் கையைப் பிடிப்பார்கள் என்றும் எதிர்பார்த்தேன். நாட்டார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "சரிப்பா" என்றார். பிறகு என் மனைவியின் தம்பி தேசப்பனைப் பார்த்து, "டேய், இனிமே ஓலைய நீ பாத்துக்க" என்றார்.

"எனக்கு எழுத வராதே, நாட்டாரே!"

"அதனாலதான் உன்ன சொல்றேன்."

கூட்டம் முழுவதும் தலையை ஆட்டிற்று. உரையின் மற்றப் பதினெட்டு அடிகளும் என் தொண்டையிலேயே நின்றன. அந்நேரம் நான்காம் முழக்கம் கேட்டது. அடுத்து ஐந்தாவது. சற்றுப் பொறுத்து ஆறாவது, ஏழாவது. நாட்டார் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"இன்னாபா இது? ஒலகத்துல கீற கப்பலெல்லாம் இன்னிக்கே வந்துட்ச்சா?"

அக்கரையிலிருந்து தோணியில் வந்திறங்கிய ஒருவர்தான் விடை சொன்னார். "கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெடிமருந்துக் கொட்டாய்ல புதுசா அரைச்ச மருந்த போட்டுப் பாக்கறாங்கோ. பொழுது சாயற வரிக்கும் சுடுவாங்களாம்."

ஊர் சிரித்த சிரிப்பில் கோயில் வேம்பில் இருந்த காக்கைகள் பறந்தன. நாட்டார் நல்லவர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவசரப்பட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஓலைய உனக்கே திருப்பித் தரச் சொல்றேன்" என்றார்.

அவ்வொரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இக்கட்டுரை இல்லை. நானோ, "அங்கே நடப்பது மருந்துச் சோதனையாக இருக்கலாம், நாட்டாரே, இங்கே நான் சொன்னது சோதனை அன்று" என்று விடையிறுத்து வீடு வந்தேன்.

எனக்கு முன்பே செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. எல்லம்மா திட்டவில்லை. தம்பியைக் கூப்பிட்டனுப்பி, "மாமாவ உன் தோணியில ஏத்திக்கடா. நீச்சல் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது" என்றாள்.

ஐந்து மாதம் வலை இழுத்தேன். இழுத்தேன் என்பது உயர்வு நவிற்சி. வலைதான் என்னை இழுத்தது. சேற்றில் இடுப்பளவு புதைந்து நின்ற என்னைப் பார்த்து, "புலவரே, மடவ மீனு துள்ளிகினு கீது, ஒரு பாட்டு எடுத்து உடுங்க!" என்பார்கள் தோணிக்காரர்கள். என் பங்காக வந்த மீன் நான்கு வாய்க்குப் போதவில்லை. எல்லம்மா ஏரிக்கரையில் சிப்பி பொறுக்கப் போனாள். அதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு எந்த அணியும் நினைவுக்கு வரவில்லை.

தேசப்பனின் ஓலையையும் கண்டேன். ஒரு வீட்டுக்கு நண்டு, ஒரு வீட்டுக்குத் துடுப்பு, மூக்கு நீண்ட பெருமாளின் வீட்டுக்கு ஒரு நாரை என்று கீறிவைத்திருந்தான். ஊரில் குழந்தைகள்கூட அதைப் படித்தன. என் வாசலுக்கு எவரும் வரவில்லை.

தை பிறந்தபின் மெய்யாகவே கப்பல் வந்தது. துபாஷி ஆள் அனுப்பினார். நான் வலையிலிருந்து நேரே போனேன். புதுத் துரை என் எழுத்தைப் பார்த்தார். தமிழ் அறியாதவராதலால் மிகவும் பாராட்டினார்.

"நாளைக்கே வரச் சொல்றார்" என்றார் துபாஷி.

"முத்திரையிட்ட ஓலை கைக்கு வந்தாலன்றி நான் பார்க்கும் பணியை விட இயலாது" என்றேன்.

துபாஷி என் தோளில் ஒட்டியிருந்த செதில்களை ஒருமுறை பார்த்தார். "இப்ப என்ன பணி பார்க்கிறீர்?"

"வலை இழுக்கிறேன்."

"அதை விடறதுக்கா ஓலை?"

"அதை விடுவதற்குத்தான்."

நான்கு நாள் கோட்டை வாசலில் நின்றேன். காவற்காரன் விரட்டினான், போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள், என்னை அங்கிருந்து அகற்ற வேறு வழியில்லை என்று கண்டு, முத்திரையிட்ட ஓலையைத் தந்தார்கள். அதை மூங்கிற் குழாயிலிட்டு ஏரியைக் கடந்து, எல்லம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இப்ப போய்ச் சொல்லு" என்றாள்.

தோணியருகே போய்த் தேசப்பனிடம், "மச்சான், இன்றோடு நான் இவ்வேலையை விடுகிறேன்" என்றேன்.

அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "வேலைய உடுறியா? அத எப்ப மாமா நீ செஞ்ச?"

கோட்டையில் முப்பதாண்டுக்கு மேல் எழுதினேன். எல்லம்மா மறுபடி சிப்பி பொறுக்கவில்லை. ஆனால் என் தீர்ப்பின்மேல் இருந்த நம்பிக்கை மட்டும் வீட்டில் யாருக்கும் மீளவில்லை. மகளைப் பெண் கேட்டுச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்தார்கள். எல்லாம் பிடித்துவிட்டது என்றும், மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் தொண்டையைச் செருமினேன். உள்ளேயிருந்து எல்லம்மாவின் குரல் வந்தது.

"அவரு இன்னா சொன்னாலும் கணக்குல எடுத்துக்காதீங்க! நான் வரேன்!"

எங்கள் உறவினர் சிரித்தனர். வந்தவர்களுக்கும் பீரங்கிக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தனர். பெரியப்பா சம்மதித்த பின்னரே எங்கள் சம்மதம் சொல்லப்பட்டது. அதுவும் என் வாயால் அன்று.

அந்நாள் முதல் எங்கள் வீட்டில் எதற்கும் 'சரி' என்று சொல்லும் உரிமை எல்லம்மாவுக்கே. 'யோசிச்சிச் சொல்றோம்' என்னும் ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. அதையும் நான் யோசிக்காமல் சொல்லிவிடுகிறேன் என்பது அவள் குறை.